சுவரில் தொங்கும் குருபரம்பரைப் படம்: கராத்தே மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கராத்தே வகுப்பு நடத்தும் மாஸ்டர்களுக்கும், மாவட்ட, மாநிலச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோஜு ரியூ என்ற கராத்தே பிரிவைப் பழகும் மாணவன். சாயங்கால வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கெக்கிசாய் என்ற கட்டா (வரிசை மாறாமல் செய்யும் அடி, தடுப்பு அசைவுகளின் தொகுப்பு) சொல்லிக்கொடுக்க என் மாஸ்டருக்குத் துணையாக நிற்பவன். உங்களிடம் கேட்க வந்த விஷயம் ஒன்றுதான். நம் டோஜோ (பயிற்சிக்கூடம்) சுவர்களில் தொங்கும் குருபரம்பரைப் படத்தை உண்மைப்படி திருத்தி எழுதுங்கள். அதில் இருக்கிறவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள், எதையெல்லாம் இழந்தார்கள் என்று பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

அந்தப் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நான் பார்த்த ஊர்களிலெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உச்சியில் போதிதர்மர். அவருக்குக் கீழே தாடி வைத்த யாரோ ஒரு சீனர். அப்புறம் வரிசையாக இரண்டு மூன்று ஜப்பானிய முகங்கள், பெயர்களில் எழுத்துப்பிழையோடு. கடைசியில் எல்லோரையும்விடப் பெரிதாக, கலரில், கோப்பைகளுக்கு நடுவே நம் மாஸ்டர். மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடு, எங்கேயும் அறுபடாத அம்புக்குறி. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் அதைப் பார்த்துவிட்டு, இது ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துச் சொத்து என்று நம்பி ஃபீஸ் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

போதிதர்மரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில்தான் உங்களில் பலருக்குக் கோபம் வரும். காஞ்சிபுரத்திலிருந்து போன தமிழர் ஒருவர்தான் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சண்டைக் கலையைக் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு இனிப்பு இருக்கிறது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 6-ஆம் நூற்றாண்டில் லோயாங் நகரத்துப் புத்த மடங்களைப் பற்றி எழுதப்பட்ட நூலில் வருகிறது, அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. அதற்குப் பின்னால் வந்த குறிப்புகள்தான் அவரைத் தென்னிந்தியர் என்கின்றன. அந்தப் பழைய குறிப்புகள் எதிலும் அவர் யாருக்கும் அடிதடி சொல்லிக்கொடுத்ததாக ஒரு வரி கிடையாது. ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதை 'யிஜின் ஜிங்' என்ற நூலோடு சேர்ந்து வருவது. அந்த நூல் தன்னை மிகப் பழையதாகக் காட்டிக்கொண்டாலும், அது 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முன்னுரைகள் போலியானவை என்பதுதான் ஆராய்ந்தவர்கள் கண்டது. கராத்தேயை ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின்கூடத் தம் நூலில் இந்தக் கதையை எடுத்துச் சொல்லியிருக்கிறார், அதனால்தான் உலகமெங்கும் பரவியது. நம் ஊருக்கு மட்டும் இது சினிமா வழியாகவும் வந்து சேர்ந்தது.

கராத்தேக்குள்ளேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1908 அக்டோபரில், கராத்தே வளர்ந்த ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவில், ஷூரியைச் சேர்ந்த இட்டோசு ஆன்கோ என்ற முதியவர், அங்கிருந்த கல்வி அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். பள்ளிக்கூடங்களில் கராத்தேயை ஏன், எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பத்து அம்சங்களாக எழுதிய கடிதம் அது. இன்று உலகத்தில் எந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளை வரிசையில் நின்று குத்துப் பழகினாலும் அதற்கு வேர் அங்கேதான் போகிறது. அந்தக் கடிதத்தின் தொடக்கத்திலேயே, கராத்தே புத்த மதத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததில்லை, முற்காலத்தில் சீனாவிலிருந்து வந்த இரண்டு மரபுகள் இதற்கு அடிப்படை என்று அவர் தெளிவாக எழுதிவிட்டார். நாம் யாருடைய படத்துக்குத் தலைகுனிந்து வகுப்பைத் தொடங்குகிறோமோ அவரே எழுதியது இது. அவருக்கு மேலே போதிதர்மரை மாட்டுவதற்கு நமக்கு என்ன உரிமை?

இன்னொன்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் விடாமல் பழகினால் மூன்று நான்கு வருஷத்தில் உடம்பு மற்றவர்களுடையதிலிருந்து வேறாகிவிடும் என்கிறார். இதைப் பெல்ட் கொடுக்கும் விஷயத்தைப் பேசும்போது மறுபடியும் எடுக்கிறேன்.

சரி, போதிதர்மரை இறக்கிவிட்டோம். அடுத்த படம், அந்தத் தாடிக்காரச் சீனர். கோஜு ரியூ டோஜோ என்றால் அவர் பெயரை ரியூ ரியூ கோ என்று எழுதியிருப்போம். ஒகினாவாவின் நாஹா நகரத்தைச் சேர்ந்த ஹிகாவோன்னா கான்ரியோ, 1853-இல் பிறந்தவர், விறகு வியாபாரக் குடும்பம், இளைஞனாக இருந்தபோது கப்பலேறிச் சீனாவின் ஃபூசோ நகரத்துக்குப் போய் அங்கே ஒருவரிடம் பல வருஷம் கற்றுக்கொண்டு திரும்பினார். அந்த ஆசிரியர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. வெண்கொக்குப் பாணியைச் சேர்ந்த ஒரு பெயர்பெற்ற ஆசிரியர்தான் அவர் என்று சிலர் சொல்கிறார்கள், அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். நம் படத்தில் இருக்கும் அந்த முகம் யாரோ கற்பனையில் வரைந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, 'ஃபூசோவில் ஓர் ஆசிரியர், யாரென்று உறுதியில்லை' என்று எழுதினால் ஹிகாவோன்னாவின் மதிப்பு ஒரு இம்மியும் குறையாது. அவர் கொண்டுவந்தது சான்சின் கட்டாவில் இருக்கிறது, அதை இன்றைக்கும் நாம் கால் நடுங்க நின்று செய்கிறோம். புதிதாக வந்தவனை வேறு எதையும் தொடவிடாமல் வருஷக்கணக்கில் சான்சினிலேயே நிறுத்திவைப்பாராம் அவர்.

அவரிடம் பதினான்கு வயதில் போய்ச் சேர்ந்தவர்தான் மியாகி சோஜுன். 1888-இல் நாஹாவில் பிறந்தவர், வசதியான வியாபாரக் குடும்பம். அந்தச் சொத்தைப் பெரும்பாலும் கராத்தேக்கே செலவழித்தார். ஆசிரியரின் கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டதும் இவர்தான் என்று சொல்வார்கள். தம் ஆசிரியர் கற்ற கலையின் மூலத்தைத் தேடி 1915-இல் ஃபூசோவுக்குப் போய்வந்தார். போலீஸ் பயிற்சிப் பள்ளியிலும் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு காலமும் அவர் சொல்லிக்கொடுத்த கலைக்கு ஒரு பெயர் இல்லை என்பதை நம் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1930-இல் அவருடைய மூத்த மாணவர் ஷின்சாட்டோ ஜின்ஆன் டோக்கியோவில் செய்துகாட்டியபோது, உங்கள் பள்ளியின் பெயர் என்ன என்று யாரோ கேட்க, அவருக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பி ஆசிரியரிடம் சொன்னார். அதற்கப்புறம்தான் பழைய சீனக் கைப்பிரதி ஒன்றின் செய்யுளிலிருந்து கோஜு என்ற பெயரை மியாகி எடுத்தார். 1933-இல் அது கியோட்டோவில் இருந்த தற்காப்புக் கலைச் சங்கத்தில் பதிவானது. நம் ஊரில் ஸ்டைலுக்குப் பெயரும் லோகோவும் முதலில் தயாராகிவிடுகிறது.

நான் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் கெக்கிசாய் கட்டாவும் இவர் உருவாக்கியதுதான். 1940 வாக்கில், இளைஞர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிதாக இருக்கட்டும் என்று ஒகினாவா ஆளுநர் அமைத்த குழுவுக்காகச் செய்தது. அந்தக் குழுவுக்கான முதல் பாடத்தை வேறு மரபைச் சேர்ந்த நாகாமினே ஷோஷின் வடிவமைத்தார், இரண்டாவதாக வந்த கெக்கிசாயை மியாகி. இரண்டு வேறு மரபுக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்காகச் செய்த வேலை. நம் மாவட்டத்தில் இரண்டு சங்கங்கள் ஒரே மண்டபத்தில் ஒரு போட்டி நடத்துவதற்கே எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த நேர்க்கோட்டுக்கு வருகிறேன்.

1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒகினாவாவில் நடந்த சண்டையில் அந்தத் தீவின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் செத்தார். ஷூரி கோட்டை தரைமட்டம். கராத்தே எழுத்திலும் ஏட்டிலும் அதிகம் இருந்த கலை இல்லை, ஆட்களின் உடம்பில் இருந்த கலை, அதனால் ஒவ்வொரு ஆசிரியர் போகும்போதும் அவர் மட்டும் அறிந்திருந்தது கூடவே போனது. மியாகிக்கு அடுத்தவர் என்று எல்லோரும் நினைத்திருந்த ஷின்சாட்டோ ஜின்ஆன் அந்த வருஷம்தான் கொல்லப்பட்டார். இட்டோசுவின் மாணவரும், 1905-லேயே 'வெறுங்கை' என்ற பொருள் தரும் எழுத்துக்களால் கராத்தேயை எழுதியவருமான ஹனாஷிரோ சோமோ அதே 1945-இல் போனார். கியான் சோட்டோக்கு சண்டையில் தப்பினார், ஆனால் செப்டம்பரில் இஷிகாவாவில் பசியிலும் நலிவிலும் இறந்தார். மியாகி தம் பிள்ளைகளில் மூவரை இழந்தார். அவர் சேர்த்துவைத்திருந்த குறிப்புகளும் அழிந்தன. டோக்கியோவில் ஃபுனகோஷியின் டோஜோ விமானத் தாக்குதலில் எரிந்தது, அவர் மகன் யோஷிட்டாகா அதே வருஷம் நோயில் இறந்தார்.

நம் படத்தில் இது எங்கே இருக்கிறது? இந்த மனிதர்கள் யாருக்கும் ஒரு முகம்கூட இல்லை. ஷின்சாட்டோவின் பெயரைக் கேள்விப்படாமலே ஒரு பிள்ளை நம்மிடம் பிளாக் பெல்ட் வாங்கிப் போய்விடலாம்.

போருக்கு அப்புறம் மியாகி நாஹாவின் சுபோயாவில் இருந்த தம் வீட்டு முற்றத்திலேயே மறுபடியும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கூரை இல்லாத டோஜோ. மரக்கட்டையால் பிடி போட்ட சிஷிக் கல்லையும், விரலால் கவ்வித் தூக்கும் நிகிரிகாமே ஜாடியையும் வைத்துக்கொண்டு, போர் தின்றது போக மிஞ்சியவர்களைக் கூட்டி மறுபடியும் சான்சினிலிருந்து தொடங்கினார். பிள்ளைகளை இழந்த ஒருவர், அடுத்த வாரிசாக வளர்த்த மாணவனையும் இழந்த ஒருவர், வேறு யாரோ வீட்டுப் பையன்களின் தோளைத் தட்டித் தட்டி மூச்சைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது. கோட்டைக்கு முன்னால் வாளோடு நிற்கும் சாமுராய் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்குப் பதிலாக இந்த முற்றத்தைச் சொல்லுங்கள். (சாமுராய்க்கும் நம் கட்டாக்களுக்கும் சம்பந்தம் குறைவு; ஒகினாவாவைச் சாமுராய்கள் 1609-இல் படையெடுத்து வந்து அடக்கினார்கள் என்பதுதான் வரலாறு.)

1953 அக்டோபர் 8-ஆம் தேதி மியாகி இறந்தார். ஒகினாவாவில் தம் மாணவர்களுக்கு அவர் டான் பட்டம் (பிளாக் பெல்ட்டின் படிநிலை) கொடுத்ததில்லை. இவர்தான் எனக்குப் பிறகு என்று எழுதியும் வைக்கவில்லை. அவருடைய பெல்ட்டைக் குடும்பத்தார் 1963-இல் யாகி மெய்டோக்குவிடம் கொடுத்தார்கள். பயிற்சிக் கருவிகள் மியாசாட்டோ எயிச்சியிடம் போயின, போலீஸ்காரரான அவர் 1957-இல் அசாட்டோவில் ஜுண்டோகன் டோஜோவைக் கட்டினார். மியாகி இருக்கும்போதே தனியாக டோஜோ வைத்திருந்த ஹிகா செய்கோ தம் வழியில் தொடர்ந்தார். டோகுச்சி செய்கிச்சி ஒரு பக்கம், ஜப்பானின் பெரிய தீவில் யாமகுச்சி கோகென் இன்னொரு பக்கம். உண்மையான வாரிசு யார் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை, நானும் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆக கோஜு ரியூ கிளைகளில் எதை எடுத்தாலும் 1953-க்குக் கீழே ஒற்றைக் கோடு போட முடியாது, ஒரு ஆலமரத்தைத்தான் வரைய முடியும். நம் சுவரில் மட்டும் எப்படி மியாகியிடமிருந்து ஒரே அம்பு நேராக நம்மிடம் வந்து சேர்கிறது?

இவ்வளவு பிரிந்தும் அவர்கள் செய்யாத ஒன்றை நாம் செய்கிறோம். ஒரு மாஸ்டர் சங்கத்தை விட்டு விலகிப் புதுச் சங்கம் தொடங்கினால், முதல் வேலையாகத் தமக்குச் சொல்லிக்கொடுத்தவரின் படம் சுவரிலிருந்து இறங்கிவிடுகிறது. இடையில் இருந்த இரண்டு தமிழ் மாஸ்டர்களின் பெயரை விழுங்கிவிட்டு, எப்போதோ ஒரு செமினாரில் கைகுலுக்கிய ஜப்பானியரை நேரடி ஆசிரியராக எழுதிக்கொள்கிறோம். நம் ஊரில் கராத்தேயை முதன்முதலாகக் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்து மணலிலும் மொட்டைமாடியிலும் நம்மைப் பழக்கிய அந்தத் தலைமுறை இப்போது வயதாகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் யாரிடம் கற்றார்கள், எந்த வருஷம், என்ன வேலை பார்த்துக்கொண்டே வகுப்பு எடுத்தார்கள் என்று யாராவது கேட்டு எழுதிவைத்திருக்கிறோமா? ஒகினாவாவில் போர் அழித்ததை இங்கே நாமே நம் கையால் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

பெல்ட் விஷயம். பல வண்ண பெல்ட்டுகளும் டான் பட்டமும் ஆதியிலிருந்தே கராத்தேயில் இருந்தவை என்று பெற்றோர் நினைக்கிறார்கள், நாமும் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். டான் முறை ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து கடன் வாங்கியது. கராத்தேயில் முதல் டான்களை ஃபுனகோஷி 1924-இல்தான் கொடுத்தார். அது தப்பான முறை என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு ஒரு படிக்கட்டு வேண்டும். ஆனால் வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு முக்கால் மணி நேரம், அதிலும் பாதி வார்ம்-அப், இப்படி மூன்று வருஷத்தில் பிளாக் பெல்ட் உறுதி என்று நோட்டீஸ் அடிக்கும்போது இட்டோசுவின் கணக்கை எடுத்துப் பாருங்கள். தினம் ஒன்றிரண்டு மணி நேரம் பழகினாலே மூன்று நான்கு வருஷத்தில் உடம்பு மாறத் தொடங்கும் என்றுதான் அவர் சொன்னார். நம் பிள்ளைகள் அந்த வருஷங்களில் பழகுவது அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பில், கெக்கிசாயை முழுதாகச் செய்யத் தெரியாத பத்து வயதுப் பெண்ணுக்குப் பிளாக் பெல்ட் கட்டி அனுப்பினார்கள். வேறு ஊருக்கு மாறி இன்னொரு டோஜோவில் சேர்ந்த அன்று, எல்லோர் முன்னாலும் அந்தப் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு வெள்ளை பெல்ட் கட்ட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை வகுப்புக்கே வரவில்லை. அந்த அவமானத்துக்கு யார் பொறுப்பு?

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். உங்களில் பெரும்பாலோர் நிலைமை எனக்குத் தெரியும். பள்ளி நிர்வாகத்துக்குப் பங்கு, மண்டப வாடகை, சங்கச் சந்தா, போட்டிக்குப் பஸ் செலவு, எல்லாம் போக மாஸ்டர் கையில் நிற்பது கொஞ்சம்தான். பெல்ட் தேர்வுக்கு வாங்கும் கிரேடிங் ஃபீஸ்தான் பல குடும்பங்களில் அந்த மாதத்து வீட்டு வாடகை. அதை விட்டுவிடுங்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. ஆனால் ஃபுனகோஷியின் கதையை நினைத்துப் பாருங்கள். முப்பது வருஷம் போலப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஐம்பத்து மூன்று வயதுக்கு மேல், 1922-இல் ஒரு செய்துகாட்டலுக்காக டோக்கியோ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒகினாவா மாணவர்களுக்கான விடுதியில் ஒரு சின்ன அறை. காவல்காரராகவும், பெருக்கிக் கூட்டுபவராகவும், தோட்டக்காரராகவும் அங்கே வேலை பார்த்துக்கொண்டே கராத்தே சொல்லிக்கொடுத்தார். மனைவி ஊரிலேயே இருந்தார். பெரிய பல்கலைக்கழகங்களில் கராத்தே நுழைந்தது இந்த விடுதி அறையிலிருந்துதான். உங்கள் சிரமத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து, உங்களைக் கட்-அவுட் வைத்த நாயகனாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. காலையில் வேறு வேலை, சாயங்காலம் டோஜோ என்று ஓடும் உங்களுக்கு ஃபுனகோஷியும் மியாசாட்டோவும் சொந்தக்காரர்கள் மாதிரி.

உலக சாதனை என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒரு மணி நேரம் குத்தவிடும் நிகழ்ச்சிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். வேண்டாம், ஒரே வரி: அதை நிறுத்துங்கள்.

ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டா பிரிவில் தங்கம் வாங்கிய கியுனா ரியோ ஒகினாவாக்காரர். அந்த மாநிலத்திலிருந்து தங்கம் வாங்கிய முதல் ஆள். இறுதிச் சுற்றில் அவர் செய்த ஓஹன் டாய் கட்டா, நகாய்மா என்ற ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த ரியூஎய் ரியூ மரபைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் நகாய்மா கென்கோ வெளியாருக்குக் கதவைத் திறந்தார், அவரிடம் கற்ற சாகுமோட்டோ சுகுவோ உலகப் பட்டம் வென்றார், சாகுமோட்டோவின் மாணவர்தான் கியுனா. ரத்த உறவு இல்லாத இரண்டு பேர் வழியாக ஒரு வீட்டுச் சொத்து உலகத்துக்கு வந்த கதை. உங்களிடம் ஒலிம்பிக் வீடியோ பார்க்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இந்த மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, நான் கேட்பவை. போதிதர்மரை இறக்குங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுங்கள். 1945-இல் செத்தவர்களின் பெயரைச் சேருங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் மாஸ்டரின் பெயரை, அவரோடு இப்போது பேச்சு வார்த்தை இல்லையென்றாலும், உங்கள் பெயருக்கு நேர் மேலே எழுதுங்கள். சங்கப் பொறுப்பாளர்கள் ஒரு தீர்மானம் போட்டு, பிளாக் பெல்ட் சான்றிதழில் சங்கத்தின் முத்திரையோடு மாணவனின் மாஸ்டர் பெயரும், அந்த மாஸ்டருக்குக் கற்பித்தவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆக்குங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

1936 அக்டோபர் 25-ஆம் தேதி நாஹாவில் மியாகி, ஹனாஷிரோ, கியான் எல்லோரும் கூடி உட்கார்ந்து கராத்தேயை எந்த எழுத்துக்களால் எழுதுவது என்று பேசினார்கள். அந்த நாளை ஒகினாவா சட்டமன்றம் 2005-இல் கராத்தே தினமாக அறிவித்தது. வரும் அக்டோபர் 25-இல் போட்டி வேண்டாம், ஓடு உடைப்பு வேண்டாம். வயதான ஒரு மாஸ்டரை உங்கள் டோஜோவுக்கு அழைத்து உட்காரவையுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும், ஒருவர் போனில் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் வேலையை நானும் என்னோடு பழகும் சிலரும் ஏற்றுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு கோஜு ரியூ மாணவன்